ஒழுகும் கூரைக்கு அழகுத் தாளா?



தீபாவளி நெருங்கினால் எங்கள் டுரியான் துங்கால் தாமான் வீடுகள் சிலவற்றில் ஒரு புது வேலை தொடங்கிவிடுகிறது. சுவரோடு நில்லாமல் சீலிங்கிலும் சுவர்த்தாள் ஒட்டுகின்றனர். நீல வானம், வெண்மேகம், விண்மீன்கள்! அழகுக்கு நான் எதிரியல்லன். எதை மறைக்க அத்தாள் ஒட்டப்படுகிறது என்பதே என் கேள்வி.

என் மாணவன் ஒருவன் ‘என் வீடு’ என்னும் கட்டுரையில், தன் படுக்கையறையில் பகலிலும் விண்மீன்கள் உண்டு என எழுதியிருந்தான். ‘மிக நன்று’ எனச் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களில் இளைப்பு நோயால் அவன் அடிக்கடி பள்ளிக்கு வராமற்போனான். நலம் விசாரிக்கச் சென்றேன். விண்மீன் தாளின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. அதன் பின்புறமெங்கும் கரும்பூசணம். “மழை ஒழுகிய கறை தெரிய வேண்டாமென்று ஒட்டினோம், சார்” என்றார் தந்தை.

அவன் நோய்க்கு அதுவே காரணமென நான் தீர்ப்பளிக்கவில்லை. அது மருத்துவர் வேலை. ஆயினும் ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் சுவாசக் கோளாறும் ஆஸ்துமாவும் மிகும் என உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே அறிவுறுத்தியுள்ளதே!

சீலிங்கில் தாளின் முழுப் பாரத்தையும் பசையே தாங்க வேண்டும். மேலே வெயிலில் கொதிக்கும் கூரை, கீழே ஈரக்காற்று. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் ஈரத்தை வெளியேற விடாது. தீபாவளியை ஒட்டி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களோ நம் மேற்குக் கரையில் அடைமழைக் காலம். பூசணத்திற்கு இதைவிட நல்ல விளைநிலம் ஏது?

சீலிங்கில் தாள் ஒட்டுவது குளிர்நாட்டு வழக்கம். 1887-இல் இங்கிலாந்தில் தோன்றிய அனாக்லிப்டா என்னும் புடைப்புத் தாள் அங்குப் பல வீடுகளின் சீலிங்கை அலங்கரித்தது. அந்நாட்டு வழக்கத்தை நம் தட்பவெப்பம் அறியாமல் தலைக்குமேல் ஏற்றலாமா?

தோட்டத்து லயத்தில் எங்களுக்குச் சீலிங்கே கிடையாது. பலகைச் சுவரில் பழைய ‘தமிழ் நேசன்’ தாள்களை ஒட்டினோம். அது இடுக்கில் புகும் காற்றைத் தடுக்க. தகரக் கூரை ஒழுகினால் வாளி வைத்தோம். மழை விட்டதும் அப்பா ஏறித் தாரால் ஓட்டையை அடைத்தார். வறுமையிலும் ஓட்டை எங்கே என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

“கூரையைப் பழுதுபார்க்கப் பணமில்லையே” என்பீர்கள். உண்மைதான். ஆனால் தாளுக்குச் செலவிட்ட பணமும் அடுத்த மழையில் போய்விடும். பழுதோ அப்போது இன்னும் பெருகியிருக்கும். முதலில் உடைந்த ஓட்டை மாற்றுங்கள். சீலிங் நன்கு காயட்டும். பூசணத்தைத் துடைத்துச் சாயம் பூசுங்கள். பழைய சிமெண்ட் அட்டையாயின் அதில் கல்நார் இருக்கலாம், சுரண்டாதீர்கள், துளையிடாதீர்கள்.

வகுப்பறை அழகுப் போட்டிக்காக ஈரக் கறைமேல் வண்ணத்தாள் ஒட்டும் ஆசிரியர்களே, உங்களுக்கும் இதே விண்ணப்பம். கறையைக் கண்டால் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பர். பூசணத்தையும் தாளில் மறைக்க முடியாது. அதன்கீழ் உறங்குபவர்கள் நம் பிள்ளைகள். சிந்திப்போம்.