பசுமைச் சான்றிதழும் கிணற்று நீரும்

இலங்கையின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை ஈட்டித் தருவது ஆடைக் கைத்தொழிலாகும். சுற்றாடல் பேணுவதில் இக்கைத்தொழில் பெற்றுள்ள நற்பெயரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2008 ஆம் ஆண்டில் பிரண்டிக்ஸ் நிறுவனம் சீதுவையிலிருந்த தனது பழைய தொழிற்சாலையைப் புதுப்பித்து, பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தரச்சான்றின் அதியுயர் பிளாட்டினம் நிலையைப் பெற்றது. அதே ஆண்டில் துல்ஹிரியவில் மாஸ் நிறுவனம் 'துருலிய' தொழிற்சாலையைத் திறந்தது. பிரித்தானியாவின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2007 இல் அறிவித்த 'பிளான் ஏ' திட்டத்தின் முன்மாதிரியாக அது அமைந்தது. வழமையான குளிரூட்டிகளுக்குப் பதிலாக நீர் ஆவியாதலினால் காற்றைக் குளிர்விக்கும் முறை அங்கு கையாளப்பட்டது.

இந்த முன்னிலை நிலைக்கவில்லை. பங்களாதேஷில் மாத்திரம் இன்று 200 க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிற்சாலைகள் அதே சான்றிதழைப் பெற்றுள்ளன. அனைவரிடமும் உள்ள சான்றிதழுக்கு எந்தக் கொள்வனவாளரும் மேலதிக விலை கொடுக்கப் போவதில்லை. அது இல்லாதவருக்குக் கட்டளை கிடைக்காது என்பதே இன்றைய நிலையாகும். பெரும் நிறுவனங்கள் இச்செலவைத் தாங்கிக்கொள்ளும். அவற்றிடமிருந்து துணை ஒப்பந்தம் பெற்றுத் தைத்துக் கொடுக்கும் சிறிய தொழிற்சாலைகள் என்ன செய்யும்?

வழங்கல் சங்கிலியைப் பசுமையாக்குதல் என்று முகாமைத்துவ நூல்கள் கூறுவது, மூலப்பொருள் தொடங்கிக் கழிவு வரை ஒவ்வொரு கண்ணியும் பொறுப்பேற்பதையே ஆகும். ஆனால் 2020 இல் கொரோனா பரவியபோது, தைத்து முடித்த ஆடைகளைக்கூட ஏற்க மறுத்துக் கட்டளைகளை இரத்துச் செய்த மேலைநாட்டுக் கொள்வனவாளர் பலர். சங்கிலியின் மறுமுனை அன்று எங்கே இருந்தது என்பதை எமது தொழிலாளர் நன்கறிவர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் நிறைவேற்றிய நிறுவனப் பொறுப்புச் சட்டம் இதற்கொரு பரிகாரத்தைக் காட்டியது. கொள்வனவாளர் தமது வாங்கும் முறைகளையே திருத்த வேண்டுமென்றும், தேவையேற்படின் சிறிய வழங்குநருக்கு உதவ வேண்டுமென்றும் அது கூறியது. எனினும், ஐரோப்பிய வர்த்தகர்களின் அழுத்தத்தின் மத்தியில், 2025 இல் அது நடைமுறைக்கு வரும் காலம் ஒத்திவைக்கப்பட்டதுடன் அதன் வீச்சைச் சுருக்கும் முயற்சிகளும் தொடங்கின. எமக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளோ ஒத்திவைக்கப்படுவதில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. லீட் சான்றிதழ் ஒரு கட்டடத்தையே அளவிடுகின்றது. ஆடையொன்றின் சுற்றாடற் சுமையில் பெரும்பகுதி தையலில் அல்ல, நூற்றல், சாயமிடல், துணி பதனிடல் ஆகியவற்றிலேயே உள்ளது. நாம் துணியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்வதால், அந்தச் சுமை இதுவரை பிற நாட்டு ஆறுகளின் மீது இறங்கியது. இனியும் அப்படியே இருக்கும் என்பதற்கில்லை. இறக்குமதியைக் குறைக்கும் நோக்கில், ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்தி வலயமொன்றை அமைக்கும் திட்டத்தை இந்தத் தசாப்தத்தின் தொடக்கத்தில் அரசாங்கம் அறிவித்தது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்து, கடலையும் கிணற்றையும் நம்பியிருக்கும் பிரதேசம் அது. வேலைவாய்ப்பு அங்கு அவசியமானது. அதனை மறுப்பவர் எவருமிலர். ஆனால் சாயத் தொழிலுக்குப் பெருமளவு நன்னீர் வேண்டும். கழிவு நீரோ ஏதோவோர் இடத்திற் சென்று சேர்ந்தேயாக வேண்டும்.

2013 ஓகஸ்ட் முதலாம் திகதி வெலிவேரிய, ரத்துபஸ்வலவில் நிகழ்ந்ததை மறந்துவிடலாகாது. ஏற்றுமதிக்கான கையுறைகளை உற்பத்தி செய்த தொழிற்சாலையொன்று தமது கிணற்று நீரை மாசுபடுத்துவதாக முறையிட்டு வீதிக்கிறங்கிய மக்கள் மீது இராணுவம் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் மூவர் உயிரிழந்தனர்.

ஆகவே, ஏறாவூரிலோ வேறெங்கோ சாயத் தொழிற்சாலை அமைப்பதாயின், சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை தமிழில், பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களிடமும் முன்கூட்டியே கையளிக்கப்படல் வேண்டும். கழிவு நீர்ப் பரிசோதனை முடிவுகளை மத்திய சுற்றாடல் அதிகார சபை மாதந்தோறும் பகிரங்கப்படுத்துதல் வேண்டும். கொள்வனவாளரின் கணக்காய்வாளர் பார்வையிடும் அதே பெறுபேறுகளை, அந்நீரை அருந்துபவரும் பார்வையிட இடமளிக்கப்படல் வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.