வாளின் ஊரும் வயதும்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில் பழைய வாள் ஒன்றைக் கண்டோம். அவருடைய பாட்டனார் இரங்கூனில் பணியாற்றி, இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே கப்பலில் ஊர் திரும்பியபோது கொணர்ந்தது அது. பர்மாவின் கடைசி மன்னராகிய திபாவின் அரண்மனை வாள் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். துரு ஏறியிருக்கிறதே என்று உப்புத்தாள் கொண்டு தேய்க்க அன்பர் முற்பட்டிருந்தார். நல்லவேளையாக நாம் தடுத்தோம்.

தென்கிழக்காசிய வாளைக் கையில் எடுப்பவர் முதலில் உறையையும் பிடியையும் கண்டு மயங்குவர். அவை மாறக்கூடியவை. மரம் பழுதுற்றால் புதிது செய்துகொள்வர். வாள் வேறு தீவுக்குச் சென்றால் அவ்வூர்ப் பிடியையே பெறும். ஆகவே, வாள் கடைசியாக வாழ்ந்த இடத்தைப் பிடி சொல்லும்; பிறந்த இடத்தைச் சொல்ல வல்லது அலகே.

ஜாவாவின் கெரிஸ் குத்துவாள். அதன் அடிப்பகுதி ஒருபுறம் மிகுதியாக அகன்றிருக்கும். அலகு நேராகவும் இருக்கலாம், பாம்புபோல் நெளிந்தும் இருக்கலாம். நெளிவுகளை எண்ணினால் ஒற்றைப்படையாக வருவதே மரபு. வெவ்வேறு இரும்புகளைச் சேர்த்து அடிப்பதால் தோன்றும் கோலத்தைப் 'பாமோர்' என்பர். தென் பிலிப்பைன்ஸ் மோரோ மக்களின் கிரிஸும் இக்குடும்பமே. ஆயினும் அது பெரியது, கனமானது, வெட்டுதற்கும் உரியது. பர்மாவின் 'தா' இவற்றினின்றும் வேறு. அது ஒருபுறக் கூருடையது, மெல்ல வளைந்தது, பிடி உருண்டு நீண்டிருக்கும், கைக்காப்பு இராது, இருந்தாலும் மிகச் சிறியது. தாய்லாந்திலும் லாவோஸிலும் அதன் இனத்து வாள்கள் உண்டு. ஆதலின் அலகின் வேலைப்பாட்டையும் எழுத்தையும் நோக்குதல் வேண்டும்.

வயதைத் துருவால் அளத்தல் பிழை. ஈரப் பரணில் சில ஆண்டுகள் கிடந்த புதுவாளும் துருவேறும். எண்ணெயிட்டுப் போற்றிய பழைய வாள் பளபளக்கும். எழுத்தே உறுதியான சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மியக் கொல்லர் சிலர் அலகில் வெள்ளி பதித்து ஜாதகக் கதைக் காட்சிகளை அமைத்தனர். சிலவற்றில் பெயரும் ஆண்டும் பொறித்தனர். பர்மிய ஆண்டுடன் 638 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

அன்பரின் வாளை எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தபோது வெள்ளி எழுத்துகள் தென்பட்டன. பர்மாவில் பிறந்து வளர்ந்த மூதாட்டியார் ஒருவர் படித்துச் சொன்னார்: 1275. அஃதாவது 1913. திபா மன்னரோ 1885-இல் முடியிழந்து, ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு, 1916-இல் நம் நாட்டு இரத்தினகிரியில் மறைந்தவர். வாள் செய்யப்பட்ட ஆண்டில் அவர் பர்மாவிலேயே இல்லை.

அன்பரின் முகம் வாடிற்று. நாம் சொன்னோம்: "மன்னர் வாள் என்பது போயிற்று, ஆனால் பாட்டனார் வாழ்ந்த நாட்டில், ஏறத்தாழ அவர் காலத்தில் செய்த வாள் என்பது நிலைத்ததே. உப்புத்தாள் பட்டிருந்தால் இரண்டுமே தெரியாமற் போயிருக்கும்."

நூறாண்டு கடந்த இத்தகைய பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். தாமாக வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. நம் இல்லங்களில் இத்தகைய வாள் இருப்பின் தேய்க்க வேண்டா. யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் கொணர்ந்தார் என்பதைப் பெரியோரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதனுடன் வைத்துவிடுக. அச்செய்தி எந்த அலகிலும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை.