முதல் சந்திப்பு என்னும் மூடநம்பிக்கை

புதிய வாடிக்கையாளரைச் சந்திக்கும் முதல் சில நொடிகளிலேயே வியாபாரம் முடிவாகிவிடுகிறது என்ற நம்பிக்கை இன்று பொதுவிதிபோல ஆகிவிட்டது. பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பயிற்சியிலும், காப்பீட்டு முகவர் கூட்டங்களிலும், ஓட்டல் அரங்குகளில் கட்டணம் வாங்கி நடத்தப்படும் விற்பனைப் பயிலரங்குகளிலும் இதுவே பாடம். சட்டையை இன் பண்ண வேண்டும், ஷூ மின்ன வேண்டும், கையை இறுக்கிக் குலுக்க வேண்டும், கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மற்றவை தாமாக நடக்கும். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது ஆசைகாட்ட வரும். ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்பது அச்சுறுத்த வரும். இரண்டாவது பழமொழி செய்கிற வேலையைப் பற்றியது, செய்கிறவரின் கழுத்துப்பட்டையைப் பற்றியதல்ல என்பது அந்த வகுப்புகளில் யாருக்கும் உறைப்பதில்லை.

பாடத்துக்கு அறிவியல் சாயம் பூச மூன்று எண்கள் கைவசம் உண்டு: 7, 38, 55. ஒருவர் தெரிவிப்பதில் சொல்லின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, முகபாவத்தின் பங்கு 55 என்று திரையில் ஒரு வட்ட வரைபடம் விழும், மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன், 1967இல் வெவ்வேறு சகாக்களோடு வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளை ஒன்றாகக் கோத்ததில் பிறந்தவை இந்த எண்கள். ஓர் ஆய்வில் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டார்கள். இன்னொன்றில் ‘மேபி’ என்ற ஒரே சொல்லை மூன்று தொனிகளில் சொல்லி, கூடவே மூன்று விதமான முகபாவங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். பங்கேற்றவர்கள் சில பத்து மாணவிகள். பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா என்பது மட்டுமே அவர்களிடம் கேட்கப்பட்டது. விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு எதற்கும் தம் சமன்பாடு பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி சலவைக்குப் பின் எவ்வளவு சுருங்கும் என்று ஒருவர் கேட்க, அதற்கான பதிலில் 93 விழுக்காடு முகத்திலும் குரலிலும் இருக்கிறது என்று நம்புகிறவர் துணி விற்றுப் பார்த்ததில்லை.

முதல் பதிவுக்கு வலு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்றுகள் இருக்கின்றன. அவற்றை மறைப்பது நியாயமாகாது. சாலமன் ஆஷ் 1946இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரை அறிவாளி, உழைப்பாளி என்று தொடங்கிப் பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று முடிகிற பட்டியலால் ஒரு குழுவுக்கு விவரித்தார். அதே சொற்களைத் தலைகீழாக அடுக்கி இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார். நல்ல சொல்லை முதலில் கேட்டவர்கள் அந்த ஆளை நல்லவராகக் கண்டார்கள். பயிற்சியாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் ஆஷின் மாணவர்கள் எந்த மனிதரையும் சந்திக்கவில்லை, சந்தித்தது ஒரு சொற்பட்டியலை. 1957இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் இன்னொன்றைக் காட்டினார். முதலில் கேட்டதை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் என்று முன்கூட்டி எச்சரித்தாலோ, இரண்டு விவரங்களுக்கும் நடுவே வேறு வேலை கொடுத்துச் சற்று இடைவெளி விட்டாலோ, முதல் பதிவின் ஆதிக்கம் தளர்ந்து பின்னால் வந்ததே மேலோங்கியது. வியாபாரத்தில் இந்த இரண்டும் எப்போதும் இருக்கின்றன. வாங்குகிறவர் எச்சரிக்கையோடுதான் வருகிறார். முதல் சந்திப்புக்கும் முதல் ஆர்டருக்கும் நடுவே வாரங்கள் கழிகின்றன.

‘பத்தில் ஒரு நொடி’ என்ற புகழ்பெற்ற செய்தியும் இப்படிப் பாதியிலேயே நின்றுபோன ஒன்று. பிரின்ஸ்டனில் ஜானின் வில்லிஸும் அலெக்ஸாண்டர் டோடோரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை 100 மில்லிநொடி பார்த்தவர்களும் வேண்டுமட்டும் பார்த்தவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியே மதிப்பிட்டார்கள். நேரம் கூடியபோது கூடியது அவர்களுடைய உறுதி. அந்த மதிப்பீடு சரியா என்பதை ஆய்வு அளக்கவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்களா என்பதைத்தான் அளந்தது. முகத்தை வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது என்று விளக்கவே டோடோரோவ் 2017இல் தனியாக ஒரு நூல் எழுதினார். அந்த நூல் பயிலரங்குகளின் பக்கம் வருவதில்லை.

ஆக, முதல் பதிவு உருவாகிறது, வேகமாகவும் உருவாகிறது, அதை மறுப்பதற்கில்லை. அதைக் கொண்டு வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. பேருந்து நிலையத்தில் ஒரே முறை வாங்கிவிட்டுப் போகிறவரிடம் அது எல்லாமாகவும் இருக்கலாம். மறுபடி மறுபடி வாங்க வேண்டியவரின் கதை வேறு. அதைப் பார்க்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

திருப்பூரின் நேரடி ஏற்றுமதிக் கதை பெரும்பாலும் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளரிலிருந்து தொடங்கும். வெள்ளை டி-ஷர்ட் தேடி 1978இல் வந்தவர். 1981இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைத்தொடர் வந்தது. அந்தக் காலத்துப் பனியன் கம்பெனி முதலாளிகளில் பலர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, அதே கம்பெனிகளில் தொழிலாளிகளாக இருந்து மேலே வந்தவர்கள் என்பதை ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கைகுலுக்கலுக்குப் பயிற்சி எடுத்தவர்களோ இலக்கணப்படி ஆங்கிலம் பேசியவர்களோ அல்லர் அவர்கள். இன்றைய பயிற்சி வகுப்பின் அளவுகோலை வைத்தால் வாசலிலேயே தோற்றிருக்க வேண்டும். தோற்றிருந்தால் திருப்பூர் உள்ளூர்ச் சந்தைக்குப் பனியன் தைக்கும் ஊராகவே நின்றிருக்கும்.

பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், யாரையும் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தத் தொழிலின் நடைமுறை படிப்படியாக அமைந்திருக்கிறது. விலை பேசியதும் புரோட்டோ சாம்பிள், அடுத்து ஃபிட் சாம்பிள், பிறகு சைஸ் செட், கடைசியில் பி.பி. (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிள், அதற்கு ஒப்புதல் வந்த பிறகே துணி வெட்ட மேசைக்கு ஏறும். நிறத்துக்குத் தனிப் பாதை. பையர் அனுப்பிய ஒரு விரற்கடைத் துணித்துண்டை வைத்துச் சாயப்பட்டறை ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது சாய மாதிரித் துண்டுகள், போட்டுக் கொடுக்கும். அவற்றை லைட் பாக்ஸ் என்ற சாம்பல் நிறப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் அச்சு அசலாகத் தெரிந்த துண்டு, கடைகளில் எரியும் டிஎல்84 விளக்குக்கு மாற்றியதும் லேசாகச் சிவப்படிக்கும். ஒரு விளக்கில் மட்டும் பார்த்து ஓகே போட்ட மெர்ச்சண்டைசர் அந்த வேலையில் அதிக நாள் இருப்பதில்லை.

தைத்து முடித்த பிறகும் சோதனை ஓய்வதில்லை. 5,000 உருப்படி ஆர்டர் என்றால், வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனையில் பெட்டிகளைக் கலந்து எடுத்து 200 உருப்படிகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்ற அளவில் குறையுள்ளவை 10 வரை போகலாம். 11 ஆனால் சரக்கு மொத்தமும் திரும்ப செக்கிங் மேசைக்கு வரும். கம்பெனி முதலாளி முதல் நாள் எவ்வளவு அழகாகச் சிரித்தார் என்பதற்கு பரிசோதனைத் தாளில் கட்டம் இல்லை. பணம் வருகிற வழியும் இப்படித்தான். முன்பின் தெரியாத இருவர் கடல் தாண்டி வியாபாரம் செய்யவே எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடித ஏற்பாடு. 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ள யூசிபி 600 விதிகளின்படி வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே. சரக்கைக்கூடப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்ப்பது எங்கே?

முதல் சந்திப்பு என்னும் இந்த நம்பிக்கை வெறும் வீண்வேலையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையில் அது கெடுதல் செய்கிறது. முதல் நாளே கவர்ந்துவிட வேண்டும் என்று போகிறவருக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. எத்தனை நாளில் சரக்கு ஏறும் என்று பையர் கேட்கிறார். நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயம் ஏற்றி, காம்பாக்டிங் முடித்து, வெட்டி, பிரிண்ட் அடித்து, தைத்து, அயர்ன் செய்து பெட்டி கட்ட 75 நாள் பிடிக்கும் என்று கேட்டவருக்கும் ஓரளவு தெரியும், பதில் சொல்பவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் முகம் கோணக்கூடாதே என்று 60 என்கிறார். சாயப்பட்டறையில் தமக்கு முன்னால் எத்தனை லாட் காத்திருக்கிறது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஐம்பதாம் நாள் துணி இன்னும் ஈரமாக இருக்கும். தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு, கம்பெனியின் செலவில் விமானம் ஏறும். இல்லையென்றால் தாமதத்துக்கு டெபிட் நோட் வரும். முதல் சந்திப்பில் சம்பாதித்த நல்ல பெயரின் விலை அந்த ஒற்றைத் தாளில் தெளிவாக அச்சாகியிருக்கும்.

சாம்பிளிலும் இதே நோய். கை தேர்ந்த சாம்பிள் டெய்லர் ஒருவர் தனியே உட்கார்ந்து அரை நாள் செலவிட்டு ஒரு டி-ஷர்ட் தைத்துக் கொடுப்பார். கழுத்து ரிப் வட்டம் தவறாமல் உட்கார்ந்திருக்கும். அதே கழுத்தை நாற்பது மெஷின் ஓடும் லைனில் மணிக்கணக்கில் தைக்கும்போது அந்த நேர்த்தி வராது, வரவும் முடியாது. லைனால் எட்ட முடியாத சாம்பிளைக் காட்டி ஆர்டர் வாங்கியவர், இன்ஸ்பெக்ஷன் நாளில் ஒப்பீட்டுக்குத் தாமே கொடுத்த சாட்சியோடு மாட்டிக்கொள்கிறார். இரண்டாம் ரகச் சாம்பிளைக் காட்டச் சொல்வதல்ல இது. லைன் தைப்பதைக் காட்டுகிறவருக்குப் பின்னால் தலைவலி குறைவு என்பது ஊரில் எல்லோரும் அறிந்தது.

பனியனில் மட்டும்தான் இப்படி என்பதற்கில்லை. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு, 125 இந்திய மென்பொருள் நிறுவனங்கள் செய்த 230 திட்டங்களை எடுத்துக்கொண்டது. திட்டமிட்டதைவிடச் செலவு கூடினால் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தார்கள். தொழிலுக்குப் புதிய நிறுவனங்கள் பெரும்பாலும் நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டு, கூடுதல் செலவில் பெரும்பங்கைத் தாங்களே சுமந்தன. பழைய நிறுவனங்களுக்கு அந்தச் சுமை குறைவு. வாடிக்கையாளரின் நம்பிக்கை ஒப்பந்த வாசகமாகவே மாறிக் காசில் தெரிந்தது. வேலை செய்து செய்து சேர்ந்த நம்பிக்கை அது.

முதல் சந்திப்பு என்னும் நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்றும் பார்க்க வேண்டும். நிறம், உயரம், நுனிநாக்கு ஆங்கிலம், பிறந்ததிலிருந்து ஷூ போட்டுப் பழகிய நடை ஆகியவை முதல் ஐந்து நிமிடத்தில் மதிப்பெண் வாங்கித் தருபவை. அவை குடும்பத்திலிருந்து வருகிறவை, உழைத்துப் பெறுகிறவை அல்ல. ஊர்ப்புறத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் நண்பனின் டையைக் கட்டிவிட்டு, உன் குறை உன் தோற்றத்தில் இருக்கிறது என்று சொல்லித்தரும் வகுப்பு, இருக்கிற படிக்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலையைத்தான் செய்கிறது.

இன்னொரு கூட்டத்துக்கும் லாபம் உண்டு. இரண்டாம் சந்திப்பில் காட்ட எதுவும் இல்லாதவருக்கு முதல் சந்திப்பே முழு முதலீடு. 1990களில் தமிழ்நாட்டில் புற்றீசல்போல முளைத்த நிதி நிறுவனங்கள் பலவற்றின் பளிங்குத் தரையும் குளிர்பதன அறையும் இன்றும் ஏமாந்தவர்களின் நினைவில் இருக்கும். அவை கவிழ்ந்த பிறகுதான் 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டமே வந்தது. அப்படியும் 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணைத் திட்டங்கள் சரிந்தபோது, விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். பத்தில் ஒரு நொடி மதிப்பீட்டில் அந்தத் திட்டக்காரர்கள் தோற்றிருக்க மாட்டார்கள்.

யாரை நம்புவது என்பதற்கென்றே திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல்லாகச் சொல்லப்படுவது அவரவர் செயல். முகத்துக்கும் அந்த நூலில் இடம் உண்டு, ‘குறிப்பறிதல்’ அதிகாரத்தில். ஆனால் அது எதிரில் இருப்பவரின் மனநிலையைப் படிக்கிற கலை, யாரை நம்புவது என்ற கணக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள நவீனப் பயிலரங்கு தேவைப்பட்டது.

அழுக்குச் சட்டையோடு, ஒரு மணி நேரம் தாமதமாகப் போகலாம் என்று இதற்குப் பொருளில்லை. நேரத்துக்குப் போவது, பையரின் கடைகளில் என்ன விற்கிறது என்று முன்பே பார்த்துவிட்டுப் போவது, அவர் பேசும்போது குறித்துக்கொள்வது எல்லாம் முதல் சந்திப்பிலேயே தேவை. இவை செய்யப்போகும் வேலையின் முதல் துண்டுகள் என்பதால் தேவை. விலை கேட்டால் நூல் விலையைப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன் என்பதும், 60 நாள் முடியாது, 75 வேண்டும் என்பதும் அந்த மேசையில் சங்கடமாகத்தான் இருக்கும். அன்று மாலையே பேசியதை மின்னஞ்சலில் எழுதி அனுப்ப வேண்டும்: ஜிஎஸ்எம், அளவுகள், விலை, ஏற்றும் தேதி, எதில் இன்னும் முடிவாகவில்லை என்பதும் சேர்த்து. பையர் ஊர் திரும்பி, ஐந்தாறு கம்பெனிகளின் விலைப்பட்டியலை அருகருகே வைத்துப் பார்க்க உட்காரும்போது அவர் முன்னால் இருப்பவை அந்த மின்னஞ்சலும் அட்டை கட்டிய ஒரு சாம்பிளும்தான்.