இடது கைக்கு நீளம், வலது கைக்குக் குட்டை

குன்னூரில் நாங்கள் ஆறு வருடம் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே மாற்றல். மலையூர் என்றதும் உறவுக்காரர்கள் எல்லாரும் ‘கொடுத்து வெச்சவ’ என்றார்கள். மே மாதம் வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். நவம்பரில் தொடங்குகிற குளிர் பிப்ரவரி வரை ஆளை விடாது. காலையில் பாத்திரம் தேய்க்கக் குழாயைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். வயது அறுபதை நெருங்கும். கீழேயிருந்து பஸ்ஸில் பூ வந்து இறங்கியதும், கூடையை முன்னால் வைத்துக்கொண்டு கட்ட ஆரம்பித்துவிடுவார். தலையில் மப்ளர், உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், காலுக்குச் சாக்ஸ். விரல்கள் மட்டும் வெறுமையாக இருக்கும். ஒரு மார்கழிக் காலையில் அவர் விரல் நுனிகளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி வெளுத்திருந்தன. “மரத்துப் போவுது கண்ணு. காம்பு எது, நார் எதுன்னு தெரிய மாட்டேங்குது” என்றார். மார்கழி, தையில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். அந்த நேரத்தில் நசுங்குகிற ஒவ்வொரு மொட்டும் அவருக்கு நஷ்டம். “இப்படியே இருந்தா தை முடியறவரைக்கும் கடை போட முடியாதாட்ட இருக்குது” என்று சாதாரணமாகச் சொன்னார். கேட்ட எனக்குத்தான் சாதாரணமாக இல்லை.

எனக்கு அம்மா கற்றுக்கொடுத்த ஒரே கைத்தொழில் பின்னல். வீட்டுக்குப் போனதும் ஊசியை எடுத்தேன். ஐந்து விரலும் தனித்தனியாக வைத்து, கறுப்பு உல்லனில் நான்கு நாளில் ஒரு ஜோடி கிளவுஸ் முடித்தேன். பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். ஒரு மல்லிகையை எடுக்க முயன்றார். அது வழுக்கியது. இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தார்.

“இதைப் போட்டுக்கிட்டு பூ கட்டறதா, கையைக் கட்டிக்கிட்டு உக்கார்றதா கண்ணு?”

சிரித்துவிட்டேன். ஆனால் வீடு வரும் வரை மனசு சுருக்கென்று குத்திக்கொண்டே இருந்தது. நான்கு நாள் பின்னியவள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் எப்படிக் கட்டுகிறார் என்று பத்து நிமிடம் பார்க்கவில்லை.

மறுநாள் பார்த்தேன். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பூக்களை எதிரெதிராக வைத்துப் பிடித்துக்கொள்கின்றன. அந்தக் கை அதிகம் அசைவதில்லை. வலது கை நாரைச் சுற்றிச் சுற்றி முடிச்சை இறுக்குகிறது. வாழைநார் காய்ந்தால் அறுந்துவிடும் என்பதால் தண்ணீரில் ஊறியபடியே இருக்கும். ஆக, வலது கை எந்நேரமும் ஈரம். அதில் எதைப் போட்டாலும் அரை மணியில் நனைந்துவிடும். நனைந்த கம்பளி, வெறும் கையைவிடக் கொடுமை.

அடுத்த ஜோடி, விரல் இல்லாதது. இந்த முறை அவரே அளவு சொன்னார். “இடது கைக்கு விரல் மொளி வரைக்கும் வரட்டும். வலது கைக்கு மணிக்கட்டோட நிறுத்திரு. கட்டவிரலுக்குக் குழாயாட்டம் வேண்டாம், நார் மாட்டும். வெறும் ஓட்டை போதும். கறுப்பு வேண்டாம் கண்ணு, யாவாரத்துக்கு ஆகாது.” ஜோடி சேராத ஒரு ஜோடியை, அரக்கு நிறத்தில் பின்னிக் கொடுத்தேன்.

விரல் நுனியை மூடாமல் மணிக்கட்டை மூடி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். விரல்களுக்குப் போகிற ரத்தம் மணிக்கட்டு வழியாகத்தான் போகிறது. அங்கே தோல் மெல்லிசு, ரத்தக் குழாய்கள் மேலாக ஓடுகின்றன. அந்த இடம் திறந்து கிடந்தால் ரத்தம் சூட்டை இழந்துகொண்டே நுனிக்குப் போகும். மூடி வைத்தால் கொஞ்சம் சூடு மிஞ்சும். ஆனால், வேலையில்லாமல் சும்மா நடந்து போகிறவர்களுக்கு விரல்களை மூடுகிற உறைதான் நல்லது. அதிலும் நான்கு விரலும் ஒரே பையில் இருக்கிற மாதிரி உறைதான் அதிகச் சூடு தரும்.

குளிரில் விரல் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு பட்டதும் சிவந்து குத்துவலி எடுத்தால் அது வெறும் குளிராக இல்லாமல் இருக்கலாம். 1862-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் ரேனோவின் பெயரால் இதை ‘ரேனோ’ என்கிறார்கள். சிலருக்கு இதன் பின்னால் வேறு நோயும் இருக்கும். பூக்காரம்மாவை நச்சரித்து டாக்டரிடம் அனுப்பினேன். கையை மட்டுமில்லாமல் உடம்பையே சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லி, புகையிலையையும் விடச் சொன்னார்களாம். முதலாவதைக் கேட்டார். இரண்டாவதைப் பற்றி நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

சரி, பின்னத் தெரிந்தவர்களுக்கு அளவு சொல்கிறேன். டபுள் நிட்டிங் நூல், 4 மி.மீ. ஊசி. சராசரிப் பெண் கைக்கு 42 கண்ணி போடுங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 7 செ.மீ. பின்னுங்கள். திருப்பும்போது நிட் தெரிகிற இடத்தில் நிட், பர்ல் தெரிகிற இடத்தில் பர்ல். ஸ்வெட்டர் கைமுனை மாதிரி இழுபடுகிற பட்டை வரும். அதற்கு மேல் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 9 செ.மீ. கடைசியில் மறுபடி பட்டைப் பின்னல் 2 செ.மீ. போட்டுத் தளர்வாக முடியுங்கள். முடிப்பை இறுக்கினால் விரல் மொளியில் அழுந்தும். முதல் முறை நானே செய்த தப்பு. துண்டை இரண்டாக மடித்து, கீழிருந்து 10 செ.மீ. தையுங்கள். கட்டைவிரலுக்கு 5 செ.மீ. விட்டு, மிச்சத்தைத் தையுங்கள். அவ்வளவுதான். 50 கிராம் கண்டு ஒன்றில் ஒரு ஜோடி ஏறக்குறைய முடிந்துவிடும். கடைசி விரலில் நூல் தீர்ந்து தவிக்காமலிருக்க இரண்டாக வாங்கிவிடுங்கள்.

பின்னத் தெரியாதா? உயரமான பழைய உல்லன் சாக்ஸ் போதும். பாதத்தை வெட்டிவிட்டு, கணுக்காலுக்கு மேலே இருக்கிற குழாயை எடுத்து, கட்டைவிரலுக்குச் சின்ன வெட்டுப் போட்டு, வெட்டிய ஓரங்களைச் சுற்றித் தைத்துவிடுங்கள். அரை மணி வேலை.

நூல் விஷயத்தில் ஒன்று மட்டும் கவனம். கடையில் ‘உல்லன்’ என்று கொடுப்பது பெரும்பாலும் ஆக்ரிலிக். துவைக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். டீக்கடை மாஸ்டருக்கோ, காலையில் அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்கோ அதில் பின்னாதீர்கள். அவர்களுக்கு நிஜக் கம்பளிதான். அதைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் விரித்துக் காயவையுங்கள்.

பூக்காரம்மா காசு கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. இலவசமாக வாங்கிக்கொள்ள அவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு முழம் என்று அவரே முடிவு செய்தார். ஊரைக் காலி செய்கிற வரை அந்தக் கணக்கு ஓடியது. அந்த வருடம் தை முழுக்கக் கடை போட்டார்.

அந்தக் கறுப்பு முழு கிளவுஸை என்ன செய்தார் என்று ஒரு நாள் கேட்டேன். பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறானாம். “விரலெல்லாம் ரொம்பப் பெருசா இருக்குதுன்னு நுனியை வெட்டிப்போட்டான் கண்ணு, கோவிச்சுக்காதே.”