குடம் கேட்கிறது, கதை எங்கே?

காதுக்குள் செருகும் இயர்போனைப் பேரப்பிள்ளைகள் "பேஸ் அதிருது தாத்தா" என்று புகழ்கிறார்கள். அதிர்ந்தால் தரமாகிவிடுமா? நம் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு விடை தெரியும். அங்கேயும் குடம் அதிரும். ஆனால் வீசுகோல் பட்டுச் சிணுங்கும் வில்மணியும், புலவர் சொல்லும் கதையும் அதில் மூழ்குவதில்லை. பேஸைக் கூட்டிவைத்த இயர்போனில் குடம் மட்டுமே மிஞ்சுகிறது. கதை கேட்காத வில்லுப்பாட்டு எதற்கு?

வயதானால் முதலில் மங்குவது உச்ச ஒலிகள். 'ச', 'த' போன்ற எழுத்துகளின் தெளிவு அவற்றில்தான் இருக்கிறது. ஆகவே இருபது வயதுக் காது போடும் மதிப்பெண் நமக்கு ஆகாது. சத்தத்தைக் கூட்டுவதும் மருந்தல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபலில் பெரியவர்கள் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் 4 மணி நேரம்தான்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குத் 'திக்தே' உண்டு: ஆசிரியர் வாசிப்பார், கேட்டதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். கடையில் அதையே செய்யுங்கள். ஒரு வில்லுப்பாட்டைப் போட்டு, காதில் விழும் சொற்களை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், விலை எத்தனை ஆயிரமானாலும், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.