மறைந்து நின்று எழுதும் அறிக்கை



வீட்டுப் பொறுப்புகளுக்கு இடையே ஹலாலாகச் சம்பாதிக்க வழியுண்டா என்னும் கேள்வி நம் பெண்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. கல்லூரி முடித்து வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். அண்மைக்காலமாக அந்தக் கேள்வியோடு ஒரு பெயரும் சேர்ந்து வருகிறது: மிஸ்டரி ஷாப்பிங். சாதாரண வாடிக்கையாளரைப் போல ஒரு கடைக்குச் சென்று, அங்கு நடப்பதைக் கவனித்து, வீடு திரும்பி அறிக்கை எழுதிக் கூலி பெறும் வேலை அது. "கடைக்குப் போனால் காசு கொடுப்பார்களா?" என்று சிரித்தவர்கள் உண்டு. "இது உளவு பார்ப்பதல்லவா, மார்க்கத்தில் கூடுமா?" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இரண்டாமவரின் கேள்வியே எங்களை இதை எழுத வைத்தது.

இது புதிய தொழிலன்று. கடந்த நூற்றாண்டில் அமெரிக்கக் கடைகளிலும் வங்கிகளிலும் ஊழியர்களின் நாணயத்தைச் சோதிக்கத் தோன்றிய முறை. 1940-களில் இந்தப் பெயர் வழக்கிற்கு வந்தது. இன்று பெட்ரோல் பங்க், உணவகம், செல்பேசிக் கடை, வாகன ஷோரூம், வங்கிக் கிளை எனப் பல இடங்களுக்கும் இப்படி ஆள் அனுப்பப்படுகிறது. வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்களுக்கு இது நன்கு பழக்கமான செய்தி. துபாயில் அரசு அலுவலகங்களுக்கே மறைமுக வாடிக்கையாளர்கள் செல்கிறார்கள். 2019-இல் ஐக்கிய அமீரகம் 600 அரசுச் சேவை மையங்களை மதிப்பிட்டு, சிறந்த ஐந்தையும் மோசமான ஐந்தையும் பகிரங்கமாக அறிவித்தது.

உளவு என்னும் கேள்விக்கு வருவோம். பிறர் குறைகளைத் துருவித் தேடுவதை சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நபி (ஸல்) அவர்களின் நிகழ்ச்சியைச் சிலர் இதற்கு ஆதாரமாகச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே சோதித்தவர் தம்மை மறைத்துக்கொள்ளவில்லை. கண்டதை அந்த வியாபாரியிடமே நேருக்கு நேர் கேட்டார்கள். ஆகவே இரண்டையும் ஒன்றென்று சொல்ல எங்களுக்குத் தயக்கம் உண்டு. எங்கள் கருத்து இதுதான்: தன் கடையில் மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அறியும் உரிமை முதலாளிக்கு உண்டு. எல்லார் முன்னிலையிலும் நடக்கும் சேவையைப் பார்த்து எழுதுவது ஒருவருடைய அந்தரங்கத்தைத் துருவுவதாகாது. ஆனால் ஊழியரைத் தவறு செய்யத் தூண்டிப் பார்க்கும் வேலைகளும் இதில் உண்டு. பில் வேண்டாம், விலையைக் குறைத்துக் கொடுங்கள் என்று ஆசை காட்டி, அவர் சறுக்குகிறாரா என்று பார்ப்பார்கள். அது நமக்கு வேண்டாம். ஒரு மனிதனின் வழியில் குழி வெட்டிவிட்டு அவன் விழுந்தான் என்று எழுதிக் காசு வாங்குவது எப்படி ஹலாலாகும்?

பொய் சொல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டுமா, செருப்புக் கடை வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். வட்டிக் கடன் வேண்டும் என்று வங்கியில் நடிப்பதும், மது பரிமாறும் இடத்தில் போய் அமர்வதும் நம் வேலையன்று. எந்த வேலையையும் மறுக்கும் உரிமை ஏற்பவருக்கு இருக்கிறது. மறுத்ததற்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

தொடங்கும் முறை கடினமானதன்று. இந்தச் சேவையை நடத்தும் நிறுவனங்களின் தளத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஊரில் வேலை வரும்போது அறிவிப்பு வரும். ஏற்றுக்கொண்டால் குறிப்பேடு ஒன்று அனுப்புவார்கள். எந்த நேரத்தில் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும், எவ்வளவுக்குள் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை இரண்டு முறை படியுங்கள். தவறான நேரத்தில் போனாலோ பில்லைத் தொலைத்தாலோ கூலி கிடைக்காமல் போகலாம். உள்ளே நுழைந்த நேரம், எத்தனை நிமிடத்தில் கவனித்தார்கள், சொன்ன பதில் என்ன என்பவற்றை மனத்தில் இருத்தி, வெளியே வந்ததும் செல்பேசியில் குறித்துக்கொள்ள வேண்டும். அறிக்கையைப் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ அனுப்பிவிட வேண்டும். போகாமலேயே போனதாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அது பொய்ச் சாட்சியன்றி வேறென்ன?

வருமானத்தைப் பற்றிக் கனவு வேண்டாம். ஒரு வேலைக்குச் சில நூறு ரூபாய். உணவகமென்றால் பல நேரம் சாப்பிட்ட பில் தொகை மட்டுமே. பணம் கைக்கு வர வாரங்கள் ஆகும். தையல் மெஷினை விற்றுவிட்டு இதில் இறங்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேர்மையான நிறுவனம் பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ தாமாக வந்து, முதல் நாள் 150 ரூபாய் அனுப்பி நம்பிக்கையூட்டி, பிறகு "பெரிய வேலைக்கு முன்பணம் கட்டுங்கள்" என்பவர்கள் மோசடிக்காரர்கள். எங்களுக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் பெருநாளுக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தை இப்படி இழந்தார். வெட்கத்தால் கணவரிடம் சொல்லப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் பணம் எங்கோ போய்விட்டது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். வீட்டிலிருப்பவர்கள் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் செய்த முதல் வேலையையும் சொல்லிவிடுகிறோம். வீட்டுச் சாமான் விற்கும் கடை, மாலை நேரம். "நுழைந்த இரண்டு நிமிடத்திற்குள் ஊழியர் வரவேற்றாரா?" என்பது கேள்வி. வரவேற்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அட்டைப் பெட்டிகளைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தத் தளத்தில் அவனைத் தவிர வேறு ஊழியர் இல்லை. ஏழாவது நிமிடம் மூச்சிரைக்க வந்து, "என்னம்மா வேணும்?" என்றான். நம் தெருக்களில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஏதோ ஊரில், ஏதோ கடையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்! படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. 'ஆம்' என்று போட்டிருந்தால் பொய். 'இல்லை' என்று மட்டும் போட்டிருந்தால் அதுவும் முழு உண்மையன்று. 'இல்லை' என்று குறித்து, கீழே கருத்து எழுதும் இடத்தில் பெட்டிகளையும், தளத்தில் ஒரே ஆள் இருந்ததையும், அவன் பேசிய பணிவையும் நான்கு வரியில் எழுதினோம்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து மடல் வந்தது: கருத்து நீளமாக இருக்கிறது, சுருக்க முடியுமா என்று. பணிவைப் பற்றிய வரியைச் சுருக்கினோம். ஒரே ஆள் என்ற வரியை விட்டுவிட முடியாது என்று பதில் எழுதினோம். ஏற்றுக்கொண்டார்கள். முப்பத்தைந்து நாள் கழித்து 250 ரூபாய் வந்தது. ஆட்டோவுக்கு 80 ரூபாய் போயிருந்தது.