சான்றிதழ் முதலா, அனுபவம் முதலா?

ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2024 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் 2.2 பில்லியன் அமெரிக்க டாலரும் கூகுள் 2 பில்லியன் டாலரும் மலேசியாவில் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அமேசானின் கிளவுட் சேவைத் தளம் இங்கே செயல்படத் தொடங்கியது. இந்தச் செய்திகளுக்குப் பிறகு, கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பார்க்கும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்.

“தம்பி, பையன் எஸ்பிஎம் முடிச்சிட்டான். ஆறு மாசக் கோர்ஸ் ஒன்னு இருக்காம். நாலு சர்டிபிகேட் தர்றாங்களாம், முடிச்ச உடனே ஐடி வேலையாம். சேர்த்து விடலாமா?”

நான் தகவல் தொழில்நுட்பத் துறையில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு உடனே தலையாட்ட எனக்கு மனம் வருவதில்லை. “முடித்த உடனே வேலை” என்ற வாக்குறுதியை நானும் ஒரு காலத்தில் நம்பியவன்.

நகையை அடகு வைத்த கதை

எஸ்டிபிஎம் முடித்த கையோடு, 2003-இல் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அப்போது மைக்ரோசாப்டின் எம்சிஎஸ்இ சான்றிதழுக்குப் பெரிய மவுசு. மொத்தம் ஏழு தேர்வுகள். கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலியும் இரண்டு வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின. மையத்தில் கொடுத்த கேள்வி பதில் தொகுப்பை மனப்பாடம் செய்து ஏழு தேர்வுகளிலும் தேறினேன். ஆனால், அதுவரை ஒரு சர்வரைக்கூட என் கையால் நிறுவியதில்லை.

முதல் நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது. “அலுவலகத்தில் ஒருவருக்கு இணையம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரருக்கு வருகிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?” நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழகிய எனக்கு வாயே திறக்கவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை கிடைத்தது. அங்கே கற்றதை வைத்துத்தான் ஒரு நிறுவனத்தின் ஹெல்ப் டெஸ்க் வேலைக்குப் போனேன். வட்டி கட்டிக் கட்டி, நகையை மீட்க ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த எம்சிஎஸ்இ சான்றிதழை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

இப்போது மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து அதே கேள்வியை நான் கேட்கிறேன். விண்ணப்பத்தில் ஐந்து சான்றிதழ்களை அடுக்கியவர்கள் சிலர், அன்று நான் விழித்த மாதிரியே விழிக்கிறார்கள். வீட்டில் பழைய மடிக்கணினியோடு மல்லுக்கட்டிய ஒரு டிப்ளோமா மாணவர் நிதானமாகப் பதில் சொல்கிறார்: கேபிள் அல்லது வைஃபை இணைப்பைப் பார்ப்பேன், கணினிக்கு ஐபி முகவரி கிடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன், ரவுட்டரை எட்ட முடிகிறதா, வெளி முகவரியை எட்ட முடிகிறதா என்று சோதிப்பேன், எல்லாம் சரியாக இருந்தால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிப்பேன். வேலை அவருக்குத்தான் கிடைக்கிறது.

ஏணியின் முதல் படி

என் காலத்தில் ஹெல்ப் டெஸ்க்தான் ஏணியின் முதல் படி. கடவுச்சொல் மறந்தவர், பிரிண்டர் ஓடாதவர் என்று நாள் முழுக்க அழைப்புகள் வரும். அலுப்பான வேலைதான். ஆனாலும் அங்கேதான் துறையின் அரிச்சுவடியைக் கற்றோம். இன்று அந்த எளிய அழைப்புகளைச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் எடுத்துக்கொள்கின்றன. மனிதரிடம் வந்து சேர்வது, இயந்திரத்தால் தீர்க்க முடியாத சிக்கல்கள்தான். அதனால் புதியவர்களுக்கான வேலை விளம்பரத்திலேயே ஓராண்டு, ஈராண்டு அனுபவம் கேட்கிறார்கள். வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும் என்று மாணவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தரவு மையங்களும் நாம் நினைக்கும் அளவுக்கு ஆள் எடுப்பதில்லை. கட்டும்போது ஏராளமானோர் வேண்டும்; கட்டி முடித்து இயக்கும்போது, அந்தக் கட்டடத்தின் அளவைப் பார்த்தால் ஆட்கள் குறைவுதான். அந்தக் குறைந்த இடங்களிலும் மென்பொருள் எழுதுபவர்களைவிட மின்சாரம், குளிரூட்டல், கேபிள் ஆகியவற்றைக் கவனிக்கும் தொழில்நுட்பர்களே முக்கியம். பாலிடெக்னிக்கிலும் தொழிற்கல்லூரியிலும் மின்துறை படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எரிசக்தி ஆணையம் வழங்கும் சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ், நான்கு கணினிச் சான்றிதழ்களைவிட அங்கே அதிகம் உதவலாம்.

எது எதற்கு உதவும்?

பட்டத்துக்கும் டிப்ளோமாவுக்கும் காலாவதித் தேதி கிடையாது. அரசு வேலை, மேற்படிப்பு, வெளிநாட்டு வேலை அனுமதி என்று வரும்போது முதலில் கேட்பது அதைத்தான். சேர்வதற்கு முன் அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகவாண்மையான எம்கியூஏவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் பதிவேட்டில் நீங்களே பார்த்துவிடலாம்.

சான்றிதழுக்குத் தேதி உண்டு. காம்ப்டியா ஏ பிளஸ், சிஸ்கோவின் சிசிஎன்ஏ இரண்டும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். மைக்ரோசாப்டின் பணி சார்ந்த சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை என்பது ஆறுதல். சிசிஎன்ஏ தேர்வுக்கு மட்டும் 300 அமெரிக்க டாலர் கட்டணம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்கும் குடும்பத்துக்கு அது பாதி மாதச் சம்பளத்துக்கும் மேல். பாதுகாப்புத் துறையில் மதிப்பு மிக்க சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ், தேர்வில் தேறினால் மட்டும் கிடைத்துவிடாது. ஐந்து ஆண்டு பணி அனுபவத்தையும் காட்ட வேண்டும். எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்கு அதை ஒரு மையம் விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்காகச் சான்றிதழே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இருநூறு விண்ணப்பங்கள் வந்து குவியும்போது, மனிதவளப் பிரிவு முதலில் தேடுவது தெரிந்த சான்றிதழின் பெயரைத்தான். நிறுவனத்துக்குள் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தோட்டப்புறப் பிள்ளைக்கு அது ஒரு நியாயமான வாய்ப்பு. ஆனால், கதவைத் தாண்டி உள்ளே போனதும் பேச வேண்டியது கைப்பழக்கம்.

அண்மைய நிகழ்வுகள் இரண்டும் அதையே காட்டுகின்றன. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால், உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பல இடங்களில் தொழில்நுட்பர்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து, அதை சேஃப் மோடில் திறந்து, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 20-ஆம் தேதி அமேசான் கிளவுட் சேவை தடுமாறி, எத்தனையோ செயலிகள் நின்றுபோயின. அதன் தொடக்கம் ஒரு டிஎன்எஸ் கோளாறு. டிஎன்எஸ் 1983-இல் உருவானது. எல்லாப் பாடத்திட்டத்திலும் முதல் சில அத்தியாயங்களில் வந்துவிடும். சான்றிதழின் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அடிப்படை அப்படியே இருக்கிறது.

எந்த வரிசையில் போகலாம்?

முதலில் வீட்டிலேயே தொடங்குங்கள். லினக்ஸ் இலவசம். ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டிப் பார்க்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். ரவுட்டர் வாங்காமலே ரவுட்டர் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரும் இலவசம். ஒரு சர்வரை நிறுவுங்கள், வேண்டுமென்றே கெடுங்கள், திரும்பச் சரிசெய்யுங்கள். என்ன கெட்டது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் நான் விரும்பிப் படிப்பது அந்த நோட்டைத்தான்.

இரண்டாவது, வெளியே உதவுங்கள். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் பழைய பள்ளியின் கணினி அறையில் ஓடாத கணினி ஏதாவது இருக்கும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு விடுமுறையை அங்கே செலவிடுங்கள். மளிகைக் கடை மாமாவின் கணக்குக் கணினிக்கு வாரம் ஒருமுறை நகலெடுத்து வைப்பதும் அனுபவம்தான்.

மூன்றாவது, இந்தப் பழக்கத்துக்குப் பிறகு தொடக்க நிலைச் சான்றிதழ் ஒன்றே ஒன்று எடுங்கள். அப்போது மனப்பாடத்துக்கு வேலை இருக்காது. டிப்ளோமா மாணவர்கள் தொழிற்பயிற்சி இடத்தைத் தேடும்போது, வீட்டுக்கு அருகில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், கையில் வேலை கொடுப்பார்களா என்று கேளுங்கள்.

நான்காவது, விலையுயர்ந்த சான்றிதழ்களை வேலைக்குச் சேர்ந்த பிறகு எடுங்கள். சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், ஊழியர் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் நிதிக்குச் செலுத்துகின்றன. ஊழியர் பயிற்சிக்கென்றே உள்ள பணம் அது. வெளியே இருக்கும்போது அம்மாவின் நகையில் படிக்க வேண்டியதை, உள்ளே போன பிறகு முதலாளியின் செலவில் படிக்க வழி உண்டு. பலர் கேட்பதே இல்லை. நானும் பல ஆண்டுகள் கேட்காமல் இருந்தேன்.

ஆகவே, பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். மையத்துக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். தேர்வை நடத்துவது அந்தச் சான்றிதழுக்குரிய நிறுவனமா, இல்லை மையமே அச்சடித்துக் கொடுக்கும் தாளா? ஆறு மாதத்தில் பிள்ளை தன் கையால் எத்தனை மணி நேரம் வேலை செய்வான்? வேலை உறுதி என்கிறீர்களே, அதை எழுத்தில் தருவீர்களா? மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அடகுக் கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.